ஒலிநாடாவில் உறங்கும் ஊர்ப்பாடல்கள்

'லா பாம்பா' என்னும் ஸ்பானிய மொழிப் பாடலை நம்மில் பலர் கேட்டிருக்கக்கூடும். ரிச்சி வேலன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1958இல் அதை இசைத்தட்டில் பாடி உலகெங்கும் பரப்பினார். ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் அந்தத் தட்டு முடிந்துவிடும். ஆனால் அப்பாடல் பிறந்த மண்ணாகிய மெக்சிகோ நாட்டு வெராகுரூஸ் பகுதியிலே, திருவிழா இரவில் ஒரு பாடல் அரைமணி நேரத்திற்கு மேலும் நீள்வதுண்டு.

'ஃபாண்டாங்கோ' எனப்படும் அந்த விழாவில் மரப்பலகை மேடை ஒன்றை நடுவில் இடுவர். 'ஹராணா' என்ற சிறு நரம்புக்கருவியை மீட்டுவோர் அதைச் சுற்றி நிற்பர். மேடைமீது ஆடுவோரின் காலடி ஓசையே அங்கே தாளக்கருவி! ஒருவர் ஒரு கண்ணி பாட, மற்றவர் மறுகண்ணி பாடுவார். பாட்டன் காலத்துக் கண்ணியும் வரும். அந்த நொடியிலேயே கட்டிய கண்ணியும் வரும். ஸ்பெயினிலிருந்து வந்த பாட்டும், ஆப்பிரிக்க அடிமைகள் கொணர்ந்த தாளமும், பழங்குடி மக்களின் மரபும் கலந்து விளைந்த இசை இது.

இத்தகைய இசையைக் காப்பது எப்படி? நிகழ்ந்த இடத்திலேயே, நிகழ்ந்தபடியே பதிவு செய்த ஒலியைக் காப்பதே முதற்கடமை என்பது என் கருத்து.

பாடலை ஏட்டில் எழுதி வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சொல்லையும் சுரத்தையும் எழுதிவிடலாம். பாடுபவர் எங்கே மூச்சு வாங்கினார், கூட்டம் எங்கே சிரித்தது, அடுத்தவர் எந்தக் கணத்தில் குறுக்கிட்டார் என்பவற்றை எந்தத் தாளில் எழுதுவது? ஊர்ப்பாடலின் உயிர் அங்கேயன்றோ இருக்கிறது!

இதை உணர்ந்தோர் முன்பே இருந்தனர். கலிபோர்னியாவில் வழங்கிய ஸ்பானியப் பாடல்களைச் சார்லஸ் லம்மிஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். நியூ மெக்சிகோவின் அரோயோ ஹோண்டோ என்ற சிற்றூரில் பிறந்து பேராசிரியரான ஹுவான் ராயெல், 1940இல் தம் வட்டாரத்திற்கே திரும்பிச் சென்று பக்திப் பாடல்களையும் திருமணப் பாடல்களையும் சமய நாடகங்களையும் பதிவு செய்தார். வழக்கறிஞராக இருந்து இசையமைப்பாளராக மாறிய ஜான் டொனால்டு ராப், அதே நியூ மெக்சிகோவில் பல ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 3,000 பதிவுகளைத் திரட்டினார். அவர்கள் போகாதிருந்தால் அந்தக் குரல்கள் காற்றோடு போயிருக்கும்.

ஆனால் பதிவு செய்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பது தவறு. மெழுகு உருளையை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதன் பள்ளம் தேய்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிறது. பழைய அரக்குத் தட்டின் மேற்பூச்சு உரிந்து விழுகிறது. 1970களிலும் 1980களிலும் செய்த ஒலிநாடாக்கள் சில ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகின்றன. அலமாரியில் பூட்டி வைத்தாலே பாதுகாப்பு என நினைப்பது, விதைநெல்லைக் கறையானுக்குக் காவல் வைப்பது போன்றது. காலத்தில் எண்முறைப் படிகள் எடுத்தல் வேண்டும். அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பும் உடனிருத்தல் வேண்டும். குறிப்பில்லாத குரல் முகவரியில்லாத கடிதம்.

"பதிவு செய்து வைத்தால் வாழும் மரபு உறைந்துபோகாதா?" என்பது அடுத்த கேள்வி. சிந்திக்கத்தக்க கேள்விதான். பதிவு ஒன்றே ஒன்றாக இருந்தால் அது சட்டமாகிவிடும். ஊருக்கொரு விதமாகப் பாடிய பதிவுகள் பல இருந்தால், பாடலுக்குப் பல வழிகள் உண்டு என்பதற்கு அவையே சான்றாகும்.

வெராகுரூஸின் வரலாறு இதற்கு விளக்கம் தருகிறது. இசைத்தட்டும் திரைப்படமும் நடன மேடையும் வேகமான, மெருகேற்றிய ஒரு வடிவத்தையே பரப்பின. ஊர் ஃபாண்டாங்கோ தேயலாயிற்று. அந்நிலையில் 1977இல் 'மோனோ பிளாங்கோ' என்ற குழுவைத் தொடங்கிய இளைஞர்கள், எண்பது வயதைக் கடந்த ஆர்க்காதியோ இதால்கோ என்ற கலைஞரோடு சேர்ந்து பாடிப் பழைய முறைக்கு மறுவாழ்வு தேடினர். அம்முதியவர் 1984இல் மறைந்தார். அவர் அதுவரை உயிரோடிருந்தது நற்பேறு. எல்லா ஊருக்கும் அந்த நற்பேறு வாய்க்குமா? முதியவர் இல்லாத ஊரில் இளைஞனுக்கு ஆசானாக எஞ்சுவது பழைய பதிவு ஒன்றுதான்.

ஆகவே பதிவுகள் ஆய்வாளருக்கு மட்டும் உரியவை அல்ல. பாடியவரின் ஊருக்கும் உரியவை. ராயெலின் பதிவுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் எவரும் கேட்குமாறு வைத்திருக்கிறது. மெக்சிகோ தன் தேசிய ஒலிக்களஞ்சியத்தை 2008இல் திறந்தது. 1960களில் நம் நாட்டில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ் தம் இறுதி நாட்களைக் கழித்த மாளிகையில்தான் அது இயங்குகிறது. இவை வரவேற்கத்தக்க பணிகள். எனினும், வழிபாட்டில் மட்டும் பாடும் பாடலைப் பொதுவில் வைக்கலாமா என்பதை அவ்வூராரைக் கேட்டே முடிவு செய்தல் முறை. பாட்டைக் கொடுத்தவரைக் கேளாமல் பாட்டைக் காப்பது காப்பாகாது.

தாத்தாவின் குரலைப் பேரன் தன் ஊர்ப் பள்ளியில் அமர்ந்து கேட்க வேண்டும்; கேட்டபின் ஹராணாவைக் கையில் எடுக்க வேண்டும். அன்றுதான் அந்த ஒலிநாடா உறக்கம் கலைந்தது என்போம். அதுவரை நாம் காத்தது நாடாவைத்தான், பாட்டை அன்று.