தோல் பத்திரம், பூண்டைக் காணோம்!

உங்கள் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிற தம்பியிடம், "பேக்கப் எடுக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள். "டெய்லி ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோமேட்டிக்கா ஓடுது சார்" என்பான், நெஞ்சை நிமிர்த்தி. "கடைசியா எப்ப அதை ரெஸ்டோர் பண்ணிப் பார்த்தே?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். டீ குடிக்கக் கிளம்பிவிடுவான்.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? பேரேடெல்லாம் சர்வருக்குள் போய்விட்டது. கணக்குப் படித்தவனும் பின்னாலேயே போக வேண்டியதாகிவிட்டது.

முதலில் கன்டெய்னர் என்றால் என்ன? எங்கள் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு வாங்கியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரே பூண்டு, உள்ளே பல பற்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தோல். லினக்ஸ் சர்வரும் அப்படித்தான். ஒரே மிஷின், ஒரே கெர்னல். அதற்குள் வெப்சைட் ஒரு பல், மெயில் ஒரு பல், கணக்கு ஒரு பல். கெர்னல் பொதுச்சொத்து என்பதால் ஒரு பல்லை பேக்கப் எடுக்க அதன் ஃபைல்களும் செட்டிங்குகளும் போதும்.

ப்ராக்ஸ்மாக்ஸில் 'வீஸெட்டம்ப்' என்று ஒரு கட்டளை. மூன்று விதமாக எடுக்கும். 'ஸ்டாப்' என்பது கடையைச் சாத்திவிட்டுச் சரக்கு எண்ணுவது. துல்லியம்தான், வியாபாரம் நிற்கும். 'சஸ்பெண்ட்' என்பது வியாபாரம் நடக்கும்போதே எண்ணிவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் எல்லோரையும் நிற்கச் சொல்லி, மாறியதைச் சரிபார்ப்பது. 'ஸ்னாப்ஷாட்' என்பது போட்டோ பிடித்து, அதைப் பார்த்து எண்ணுவது. ஆனால், கல்லாவை நோக்கிப் பாதி நீண்ட கையும் அப்படியே போட்டோவில் விழும்! அதனால் டேட்டாபேஸைத் தனியாகவும் ஒரு காப்பி எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குழி இருக்கிறது. வெளியே உள்ள டைரக்டரியைக் கன்டெய்னருக்குள் 'பைண்ட் மவுன்ட்' செய்திருந்தால், வீஸெட்டம்ப் அதைத் தொடாது. உயிரான கணக்கு அங்கே இருந்தாலும் சரி, 'பேக்கப் வெற்றி' என்றே ரிப்போர்ட் வரும். தோல் பத்திரம், பூண்டைக் காணோம்!

2017 ஜனவரி 31. கிட்லேப் கம்பெனியின் இன்ஜினீயர் ஒருவர் ராத்திரி அவசரத்தில், தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் பெட்டி காலி. வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் புகுந்து ஐந்து சர்வர்களை, சுமார் 1.3 டெராபைட்டைப் பூட்டியது. ஓ.பி. சீட்டு மறுபடி பேனாவுக்கு வந்தது. அங்கே கை கொடுத்தது, பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வர். முளைக்கிற பேக்கப்!

எனக்குத் தெரிந்த பூண்டு மண்டிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியெல்லாம் அவர் சர்வரில்தான் இருக்கிறது.

"அதான் எடுத்து வச்சாச்சே தம்பி, அப்புறம் எதுக்குச் சோதனை?"

"வெதைப் பூண்டு எடுத்து வச்சா மட்டும் போதுமாண்ணே? மொளைக்குமான்னு பாக்க வேணாமா?"

யோசித்தார். "எப்படிப் பாக்குறது?"

"மாசம் ஒரு தடவை, அந்த பேக்கப்பை வேற நம்பர்ல புதுக் கன்டெய்னரா எழுப்பணும். நெட்வொர்க்கைக் கழட்டிடணும், இல்லேன்னா ஒரே அட்ரஸ்ல ரெண்டு பேர் குடியிருந்து சண்டை வரும். உள்ளே போய், பேக்கப் எடுத்த அன்னிக்குப் போட்ட கடைசி பில் இருக்கான்னு பாக்கணும். இன்னொரு காப்பி வேற கட்டடத்துல இருக்கணும்."

"சரி, செஞ்சு பாத்துருவோம். அதுவரைக்கும் இந்தப் பழைய பேரேட்டைத் தூக்கிப் போட வேணாமுல்ல?"

"வேணாம்ணே" என்றேன்.