வெண்பனிக்குத் தவம்

உலகத்திலே மனிதர்களுடைய ஆசைகள் பலவிதம். இருப்பதை விட்டு இல்லாததை நாடுவது அவற்றுக்கெல்லாம் பொதுவான குணம். வெயில் காய்கிற தேசத்தார் மழைக்கு ஏங்குகிறார்கள். மழை விடாமல் பெய்கிற தேசத்தார் எதற்கு ஏங்குவார்கள்? வெயிலுக்குத்தான் என்று நேயர்கள் உடனே சொல்லிவிடலாம். அயர்லாந்திலே பெரும்பாலோர் விஷயத்தில் அது வாஸ்தவமே. ஆனால் அந்தத் தேசத்தில் ஒரு விசித்திரமான சிறு கூட்டத்தார் இருக்கிறார்கள். நவம்பர் பிறந்தது முதல் மார்ச் முடிகிற வரையில் இவர்கள் மழையையும் வேண்டுவதில்லை, வெயிலையும் வேண்டுவதில்லை. ஒரே ஒரு நாளாவது ஊர் முழுதும் வெண்பனி பெய்து மூடவேண்டும் என்பதே இவர்களுடைய பிரார்த்தனை.

‘பனி’ என்றதும் புல்நுனியில் முத்துப்போல் நிற்கும் மார்கழிப் பனியை நினைத்துவிடக் கூடாது. அடித்த பஞ்சு காற்றிலே பறந்து வருவதுபோல் வானத்திலிருந்து இறங்கி, கூரையையும் வீதியையும் வயலையும் ஒரே வெள்ளையாக்கிவிடும் பனியை இங்கே சொல்லுகிறோம். அயர்லாந்தின் சொந்த பாஷையில் இதற்கு ‘ஷ்னாக்தா’ என்று பெயர். மற்ற விஷயங்களையெல்லாம் ஆங்கிலத்திலே பேசுகிற வானிலை அபிமானிகள்கூட இந்த ஒன்றை மட்டும் பழைய ஐரிஷ் சொல்லால் அழைப்பதில் பெருமை கொள்ளுகிறார்கள். எதனிடம் பிரியம் மிகுதியோ அதைத் தாய்மொழியிலே கூப்பிடுவதுதானே இயற்கை!

இந்த ஆசை நிறைவேறுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதைச் சற்றுக் கவனிப்போம். டப்ளின் நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 53 பாகைக்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய அதே அளவு வடக்கேதான் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரமும், கானடாவின் லாப்ரடார் பிரதேசமும் இருக்கின்றன. அங்கெல்லாம் மாதக்கணக்கில் பூமி வெண்பனியின் கீழ் மறைந்து கிடக்கிறது. டப்ளினிலோ ஜனவரி மாதத்தின் சராசரி உஷ்ணம் சுமார் 5 டிகிரி சென்டிகிரேடு. இதற்குக் காரணம் அட்லாண்டிக் சமுத்திரம். தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் தயவால், தென்மேற்குக் கரையோரத்துக் கடல்நீர் நடுக் குளிர்காலத்திலும் 9, 10 டிகிரி உஷ்ணத்தில் இருக்கிறது. அந்தக் கடலைத் தடவிக்கொண்டு தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசுகிறது. குளிரைத் தடுத்து நிறுத்துகிறது. மழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 150 நாட்களும், மேற்கே சில இடங்களில் 225 நாட்களும் மழை நாட்கள். சமுத்திரம் அந்தத் தீவுக்குச் செய்திருக்கும் உபகாரம் பெரியது. வருஷம் முழுவதும் புல் பசுமையாய் இருப்பதும், மாடுகள் கொழுப்பதும் அதனாலேதான். வெண்பனி அபிமானிகளுக்கு மட்டும் அந்த உபகாரமே பெரும் பகையாக முடிந்திருக்கிறது.

இதிலே மற்றொரு வேடிக்கையும் உண்டு. குளிர்காலத்தில் அயர்லாந்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி, மேகத்திலே உண்டாகும்போது வெண்பனிதான். சில ஆயிரம் அடி உயரத்தில் அது பஞ்சுத் துகளாகவே விழுந்துகொண்டிருக்கிறது. கீழே வர வரக் காற்றில் உஷ்ணம் ஏறுகிறது. உறைநிலையைத் தாண்டியதும் துகள் உருகித் துளியாகிவிடுகிறது. எந்த வஸ்துவை எண்ணி இவர்கள் குடையும் கையுமாய் நிற்கிறார்களோ, அது இவர்கள் தலைக்கு மேலே நாள் தவறாமல் பெய்துகொண்டுதான் இருக்கிறது. கடைசி இரண்டாயிரம் மூவாயிரம் அடியிலேதான் கை நழுவிப் போகிறது! நூறு மீட்டர் உயரம் ஏறினால் உஷ்ணம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். ஆகையால் டப்ளினுக்குத் தெற்கேயுள்ள விக்லோ மலைச்சாரலில் வெண்பனி பெய்யும் அதே நேரத்தில், கீழே கடற்கரை வாசிகள் வெறும் மழையிலே நனைந்துகொண்டிருப்பார்கள்.

இந்த அபிமானிகளின் தினசரி அனுஷ்டானம் கடுமையானது. அமெரிக்காவிலுள்ள பெரிய கணக்கு யந்திரங்கள் நாள் ஒன்றுக்கு நான்கு முறை உலகத்தின் வானிலையைக் கணக்கிட்டு, பதினாறு நாள் வரையில் எதிர்காலப் படங்களை வெளியிடுகின்றன. ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்தும் நிலையமும் இவ்வாறே செய்கிறது. நள்ளிரவானாலும் விடியற்காலமானாலும் அந்தப் படங்கள் வெளியாகும் வேளைக்கு இவர்கள் விழித்திருப்பார்கள். பத்தாம் நாள் ஸ்காண்டிநேவியாவின் மீது காற்றழுத்தம் உயர்ந்திருப்பதாய்ப் படம் காட்டும். அப்படி உயர்ந்தால் ரஷ்யாவின் கடுங்குளிர் காற்று கிழக்கேயிருந்து புறப்பட்டு, ஐரிஷ் கடலைத் தாண்டும்போது ஈரம் ஏற்றுக்கொண்டு, டப்ளின் மீது வெண்பனியாய்க் கொட்டும். உடனே உற்சாகம் கரை புரள்கிறது. மறுநாள் பார்த்தால் அந்த அழுத்தம் சற்றுத் தெற்கே நகர்ந்திருக்கும். அதற்கு மறுநாள் அது இருந்த இடமே தெரியாது. பத்து நாள் தூரத்திலே இருந்த வெண்பனி பத்து நாள் கழித்தும் பத்து நாள் தூரத்திலேயே இருக்கும்! ஆரம்பத்தில் கடுகளவு பிசகினால் முடிவில் மலையளவு மாறுதல் விளையும் என்று அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லோரென்ஸ் 1963-ல் கணித மூலம் காட்டினார். வெண்பனி அபிமானிகளுக்கு அது அனுபவ பாடம்.

ஆயினும் தவம் பலிக்கிற காலமும் வரத்தான் செய்கிறது. 2018-ம் வருஷம் பிப்ரவரி மத்தியில், வடதுருவத்துக்கு மேலே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று திடீரென்று வெப்பமடைந்தது. துருவத்தைச் சுற்றி மேற்கேயிருந்து வீசும் மேல்நிலைக் காற்று திசை மாறிற்று. இரண்டு வாரத்துக்குள் ரஷ்யக் குளிர் அயர்லாந்தை எட்டிவிட்டது. அதே சமயம் தெற்கேயிருந்து, போர்த்துகீசிய வானிலை இலாகாவார் ‘எம்மா’ என்று பெயர் வைத்த புயல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்தது. குளிரும் ஈரமும் மார்ச் முதல் தேதியை ஒட்டிச் சந்தித்தன. தேசம் முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், ரயில்களும் பஸ்களும் நின்றன. கடைகளிலே ரொட்டி அகப்படவில்லை. அந்த ரொட்டிப் பஞ்சத்தைப் பற்றி அயர்லாந்தில் பிற்பாடும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

அபூர்வமாய் வருவதனால்தான் அத்தேசத்தின் ஞாபகத்தில் வெண்பனிக்கு இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-ல் வெளியிட்ட ‘டப்ளின்வாசிகள்’ என்னும் சிறுகதைத் தொகுதியின் கடைசிக் கதை, தேசமெங்கும் வெண்பனி பெய்வதோடு முடிகிறது. அந்தக் கதையை மறந்த ஐரிஷ் வாசகர்களைக் காண்பது அரிது. இதைவிடப் பழைய ஞாபகம் ஒன்றும் உண்டு. 1839-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி வெண்பனி பெய்தது. மறுநாள் காற்று வெதுவெதுப்பாகிப் பனி உருகிற்று. அன்றிரவு ‘பெருங்காற்று இரவு’ என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற சூறாவளி அடித்தது. 1909-ல் எழுபது வயதானவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோது, கிழவர்கள் பலரிடம் பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. அயர்லாந்தில் பிறப்பைப் பதியும் வழக்கம் வந்ததே 1864-ல்தான். ஆகவே பெருங்காற்று இரவு ஞாபகம் இருக்கிறதென்று சொன்னவர்களின் வார்த்தை வயதுக்கு அத்தாட்சியாயிற்று. வானத்தின் கணக்கைக் கொண்டே மனிதனின் ஆயுளை அளந்த கதை இது.

ஆனால் வெண்பனியின் வேறொரு முகத்தையும் நாம் பார்க்கவேண்டும். 1947-ல் ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் மத்தி வரையில் கிழக்குக் காற்று அயர்லாந்தை விடவில்லை. பிப்ரவரி 24, 25 தேதிகளில் அடித்த பனிப்புயலில் வீடுகளின் வாயில்கள் மறைந்தன. மகாயுத்தம் முடிந்து இரண்டு வருஷங்கள்கூட நிறையவில்லை; நிலக்கரி கிடைப்பது அரிதாயிருந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து உலர்த்தி எரிக்கும் ‘டர்ப்’ என்ற எரிமண்ணோ ஈரம் காயாமல் புகைந்தது. அந்தக் குளிரிலே ஏழைகள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. 2010-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று மேயோ ஜில்லாவில் ஸ்ட்ரெய்ட் என்னுமிடத்தில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 17.5 டிகிரிக்கு இறங்கிற்று. பனி உருகியபோது குழாய்கள் வெடித்து, மழைக்குப் பேர்போன தேசத்திலே குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜன்னலருகே கணப்பு எரிகிற வீட்டிலிருந்து பார்ப்பவனுக்கு வெண்பனி அழகு. வீதியிலே படுத்துறங்குகிறவனுக்கும், குட்டி ஈனும் ஆடுகளைத் தேடி மலையேறுகிற இடையனுக்கும் அது அழகல்ல.

அப்படியானால் இந்த ஆசை தகாத ஆசையா? ஊருக்குக் கஷ்டம் தருவதை ஒருவர் விரும்பலாமா? நியாயமான கேள்விதான். எனினும் ஆசைப்படுவதனால் வெண்பனி வந்துவிடுவதில்லை; ஆசைப்படாததனால் நின்றுவிடுவதும் இல்லை. ஆசை செய்வது வேறொரு காரியம். அது வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. வராத வெண்பனிக்காகக் காத்திருப்பவன், வந்துகொண்டேயிருக்கும் மழையை நன்றாகத் தெரிந்துகொள்ளுகிறான். காற்றின் திசை, அழுத்தமானியின் ஏற்ற இறக்கம், தெருவிளக்கின் ஒளியிலே துளி விழுகிற வேகம் ஆகியவை எல்லாம் அவனுக்குப் பாடமாகின்றன. 2015 டிசம்பரில் ஷானன் நதி பெருகி வயல்களையும் வீடுகளையும் சூழ்ந்தது. வெண்பனியின் வாசனையே இல்லாத, மிதமான உஷ்ணமும் மழையும் நிறைந்த குளிர்காலம் அது. அத்தகைய காலங்களிலே, வானத்தைப் படிக்கத் தெரிந்தவன் ஒவ்வொரு ஊரிலும் இருப்பது ஊருக்கு எவ்வளவு நன்மை!

வானத்தைக் கவனிப்பதிலே அந்தச் சிறிய தேசத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. காற்றின் வேகத்தை அளவிட உலகமெங்கும் வழங்கும் பிரமாணத்தை வகுத்த பிரான்சிஸ் போபர்ட், மீத் ஜில்லாவிலுள்ள நேவன் ஊரில் 1774-ல் பிறந்தவர். தேசம் 1922-ல் தன்னாட்சி பெற்ற பிறகும், வானிலை அறிக்கை மட்டும் பதினான்கு வருஷ காலம் பிரிட்டிஷ் இலாகாவின் பொறுப்பிலேயே இருந்தது. 1936-ல்தான் அயர்லாந்து தன் சொந்த வானிலை இலாகாவை ஏற்படுத்திக்கொண்டது. இப்போது அதற்கு ‘மெட் ஏரன்’ என்று பெயர். தன் மண்ணை ஆளுகிற ஜனங்கள் தன் வானத்தையும் தாங்களே அளக்கவேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கதல்லவா? 1944 ஜூன் தொடக்கத்தில், மேயோ ஜில்லாவின் பிளாக்சாட் முனையில் தபாலாபீஸில் வேலை பார்த்த மாரீன் ஸ்வீனி என்ற பெண்மணி, வழக்கம்போல் அழுத்தமானியைப் பார்த்துக் குறித்தனுப்பினார். அழுத்தம் வேகமாய்க் குறைந்துகொண்டிருந்தது. புயல் வருகிறதென்று அதிலிருந்து உணர்ந்த நேசநாட்டுத் தளபதிகள், ஜூன் 5-ந் தேதி பிரான்சுக் கரையில் இறங்கவிருந்த பெரும் படையை ஒரு நாள் நிறுத்திவைத்தார்கள். அந்தக் குறிப்பு எதற்குப் பயன்பட்டதென்பது அப்போது அவருக்கே தெரியாது.

இந்தப் பரம்பரையிலே இன்னொருவரையும் குறிப்பிடவேண்டும். கார்லோ ஜில்லாவிலே பிறந்த ஜான் டிண்டல், 1859-ல் தொடங்கிச் செய்த பரிசோதனைகளில், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைத் தேக்கி வைப்பதை அளந்து காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து காற்றிலே கரியமில வாயு மிகுந்துவிட்ட பலனை அவருடைய தாய்நாடே இன்று அனுபவிக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அயர்லாந்தின் சராசரி உஷ்ணம் சுமார் ஒரு டிகிரி ஏறியிருக்கிறது. 2023-ம் வருஷம் அதுவரை பதிவான வருஷங்களிலெல்லாம் உஷ்ணம் மிகுந்ததாயிற்று. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. மழைக்கும் வெண்பனிக்கும் நடுவே ஓரிரண்டு டிகிரியே தூரமாயிருக்கிற ஒரு தேசத்தில் இதன் அர்த்தம் என்ன? மழை இன்னும் பலக்கும். வெண்பனி இன்னும் அரிதாகும். வருஷந்தோறும் காத்திருக்கிற இவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் காட்சி ஒன்று மெல்ல மெல்ல விலகிப்போவதை மற்றவர்களுக்கு முன்னமே கண்டுகொண்டவர்கள். அவர்களுடைய நாட்குறிப்பிலே வெண்பனி நாட்களின் எண்ணிக்கை வெறும் விளையாட்டுக் கணக்கல்ல. பூமியின் தேகநிலையைக் காட்டும் கணக்கு.

ஆகவே இவர்களைப் பரிகசிக்க நமக்கு மனம் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் கிழக்குக் காற்று ஒரு நாள் வீசட்டும். முதலில் ஏழைகளின் வீடுகளில் கணப்புக்கு விறகும், வீதியில் கிடப்பவர்களுக்குக் கூரையும், கிழவர்களின் கதவைத் தட்டி விசாரிக்க அண்டை வீட்டாரும் ஆயத்தமாய் இருக்கட்டும். அதன் பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் டப்ளின் வீதிகளில் வெண்பனி விழட்டும். குழந்தைகள் பள்ளிக்கூடத்தை மறந்து விளையாடட்டும். மறுநாள் வழக்கம்போல் தென்மேற்குக் காற்று திரும்பி வந்து மழை பெய்யும். அதையும் அந்த அபிமானிகள் அளந்து எழுதிவைப்பார்கள்.