கரிசாலைக்கே சோகையா?

போன வாரம் பெரிய மார்க்கெட்டுல கீரைக்கட்டை இறக்கிட்டு நிக்கறேன், ஒருத்தர் எனக்கு வகுப்பே எடுத்துட்டார். காரத் தண்ணி உடம்புக்கு நல்லதாம். அதையே மூலிகைக்குப் பாய்ச்சினா மருந்துச் சத்து கூடுமாம். ஐயா, நீங்க சொல்ற தண்ணியைத்தான் மூணு வருஷமா என் போர் கொட்டுது. பாகூர் பக்கம் வந்து என் கரிசாலையைப் பாருங்க!

கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ரத்தசோகைக்கு ஊரே தேடுற கரிசலாங்கண்ணிக்கே சோகை. மண்ணுல இரும்பு இல்லாம இல்லை. தண்ணியில வர்ற பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கிடுது. காரமான மண்ணுல இரும்பு கரையாது, கரையாததை வேர் எடுக்காது. துத்தநாகத்துக்கும் இதே கதிதான். சொட்டுநீர்க் குழாய் வாயில வெள்ளையா அடைக்குதே, அது தண்ணியில வந்த கால்சியம் சுண்ணாம்பா இறுகினது. மண்ணுலயும் அப்படியே இறுகி, சோடியம் மட்டும் மிஞ்சினா நிலம் களிமட்டம் தட்டிப் போகுது. நெல்லியும் வெட்டிவேரும் இதை ஓரளவு தாங்கும். தாங்கறது வேற, செழிக்கறது வேற.

இலை மஞ்சளானதும் உரக்கடைக்குப் போனேன். அன்னபேதியை மண்ணுல போடச் சொன்னாங்க. தண்ணி எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கலை. மூணு தடவை போட்டேன். காரமண்ணுல அது சீக்கிரமே துருவா மாறிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அரை சதவீதக் கரைசலா, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து இலையில தெளிச்சாத்தான் பச்சை திரும்புது. அதுவும் அடுத்த கொழுந்து வர்ற வரைக்கும்தான்.

கடைக்காரரை மட்டும் சொல்வானேன்? 2015-ல வந்த மண்வள அட்டையை எடுத்துப் பாருங்க. தழை, மணி, சாம்பல், இரும்புன்னு 12 விஷயம் இருக்கு. அத்தனையும் மண்ணைப் பத்தினது. வருஷம் பூரா அந்த மண்ணுல பாய்ச்சற தண்ணிக்கு ஒரு கட்டம் கிடையாது! நோயாளியோட நாடியைப் பிடிச்சுட்டு, என்ன சாப்பிடறேன்னு கேக்காத வைத்தியம் இது. போர்த் தண்ணிக்கும் அட்டையில இடம் வேணும். பங்காரு வாய்க்கால்ல வர்ற ஆத்துத் தண்ணி பாகூர் ஏரியில தங்கணும், அதுக்குத் தூர் வாரணும். ஏரி நிறைஞ்சா போரை நம்பற நாள் குறையும்.

அதுவரைக்கும் நாமளே பரிசோதனைக்குக் கொடுப்போம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில பாட்டிலைக் கழுவிட்டு ஒரு லிட்டர் பிடிங்க. கார அமில நிலை 8.4-க்கு மேலயான்னு பாருங்க. பைகார்பனேட்டும் சோடியமும் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்குங்க.