ராட்வெய்லர், ஹஸ்கி வாங்கப் போறீங்களா? லைசென்ஸ் விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி இதுதான்!

பிட்புல், ராட்வெய்லர் நாய்களுக்கு இனி புதிதாக லைசென்ஸ் கிடையாது என்று சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. மீறி வாங்கி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், நாயை வெளியே கூட்டி வரும்போது கயிறும் வாய்மூடியும் போட்டே ஆக வேண்டும். மற்ற வளர்ப்பு நாய்களுக்கும் லைசென்ஸ், மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் கட்டாயம்.

என்ன இனம்? ஊசி போட்டாச்சா? சிப் இருக்கா? இதெல்லாம் கேட்கிறார்கள், சரி. ஆனால், 40 கிலோ எடையுள்ள ஒரு நாயை தினமும் ஓட வைக்க, பழக்க, உங்கள் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கு? இந்தக் கேள்வியை லைசென்ஸ் தருபவரும் கேட்பதில்லை. குட்டியை விற்பவர் கேட்கவே மாட்டார். பெரிய நாய் வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த விவகாரம் எங்கே தொடங்கியது?

2024 மே மாதம், நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்கா காவலாளியின் மகள் அவர். தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை வரை போனது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் தாக்கி ஒருவர் உயிரே போனது.

இவை இரண்டுக்கும் முன்பே, 2024 மார்ச் 12-ம் தேதி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ராட்வெய்லர், பிட்புல் உட்பட 23 இன நாய்களுக்கு லைசென்ஸ் தராதீர்கள், விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் விடாதீர்கள் என்று மாநிலங்களிடம் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்தே கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்பது முக்கியக் காரணம்.

இனத்தைப் பார்த்துத் தடை போடுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பொமரேனியன் கடித்தால் தையல் போட்டு வீட்டுக்கு வரலாம், ராட்வெய்லர் கடித்தால் நிலைமையே வேறு. ஆனால் அந்த நாய் கடிக்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பதற்கு இனப் பட்டியலில் பதில் கிடையாது.

இந்த நாய்கள் எதற்காக உருவாக்கப்பட்டவை?

ராட்வெய்லர் என்ற பெயர் ஜெர்மனியின் ராட்வெய்ல் என்ற ஊரிலிருந்து வந்தது. மாட்டு மந்தையை ஓட்டிப் போவதும், கசாப்புக்காரர்களின் வண்டியை இழுப்பதும்தான் அதன் வேலை. நன்கு வளர்ந்த ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும். சைபீரியன் ஹஸ்கி, பனியில் சறுக்கு வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட நாய். 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் மருந்தைக் கொண்டு சேர்த்தவை இந்த மாதிரி நாய்க் கூட்டங்கள்தான். ஆறு நாட்களுக்குள் அந்த வேலை முடிந்தது. பெல்ஜியன் மாலினோயிஸ் இன்று நம் ராணுவத்தில் வெடிகுண்டும் பயங்கரவாதியும் தேடுகிறது.

இப்போ அந்த நாயை வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வைத்துப் பாருங்கள். காலையில் ஒன்பது மணிக்குக் கதவு பூட்டப்படுகிறது, மாலை ஏழு மணிக்குத் திறக்கிறது. தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஏற்றி வைத்த வேகத்தை அது எங்கே கொண்டு போய்க் கொட்டும்?

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேணும்?

ராட்வெய்லர், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களுக்கு நாள் ஒன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி தேவை என்கிறது பிரிட்டனின் கென்னல் கிளப். சும்மா ஒரு கணக்கு போடுவோம். தினமும் 2 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 730 மணி நேரம். நாய் 10 வருஷம் வாழ்ந்தால் 7,300 மணி நேரம். 8 மணி நேர ஆபீஸ் வேலையாக மாற்றினால் 900 நாட்களுக்கு மேல், அதாவது ஏறக்குறைய மூன்று வருஷ வேலை. மழை, காய்ச்சல், குழந்தையின் பரீட்சை எதற்கும் லீவு கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட ஓட நாயின் தெம்பு கூடிக்கொண்டேதான் போகும். இன்று 3 கிலோமீட்டரில் களைத்துப் படுக்கும் நாய், மூன்று மாதம் கழித்து 6 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து உங்கள் முகத்தையே பார்க்கும். அதனால்தான் பயிற்சியாளர்கள் மூளைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் வீடு முழுக்க ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேடவிடுவது, சொன்னதைக் கேட்டுக் காத்திருக்கப் பழக்குவது, நடைப்பயிற்சியில் நின்று நின்று முகர்ந்து பார்க்க விடுவது. வெறும் ஓட்டத்தைவிட இவை நாயை அடக்கமாகக் களைப்படைய வைக்கும்.

அதே நேரம், குட்டியை பைக் பின்னாடி ஓடவிடுவதும் தப்பு. பெரிய இன நாய்களுக்கு எலும்பு முதிர ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும். அதற்கு முன் நீண்ட தூரம் ஓட வைப்பதும், மாடிப்படி ஏற்றி இறக்குவதும் மூட்டைப் பாதிக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வெய்லர், லேப்ரடார் இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே பரம்பரையில் இருக்கும் பிரச்னை.

நேரம் கொடுக்காவிட்டால் என்ன பண்ணும்?

முதலில் சோபா போகும். அப்புறம் கதவு நிலை, செருப்பு, வயர். அதன்பிறகு குரைப்பு. பக்கத்து ஃபிளாட்டில் புகார் வரும். "சேட்டை ஜாஸ்தி, கட்டிப் போட்டா சரியாயிடும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் எடுக்கும் அடுத்த முடிவு. விஷயம் கையை மீறிப் போவது இங்கிருந்துதான்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு விலகிப் போக வழியில்லை. தபால்காரர் வந்தாலும், பந்தை எடுக்கக் குழந்தை ஓடி வந்தாலும், அதால் முடிந்தது பாய்வதும் குரைப்பதும் மட்டுமே. ஆள் விலகிப் போனதும், "நான் பாய்ந்ததால்தான் போனான்" என்று அது கற்றுக்கொள்கிறது. தினமும் இருபது முறை இந்தப் பாடம் நடக்கிறது. நாம் அதை "நல்லா காவல் காக்குது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒருநாள் சங்கிலி அறுந்தாலோ, கேட் திறந்து கிடந்தாலோதான் அது என்ன கற்றிருக்கிறது என்று தெரியவரும்.

குட்டிப் பருவமும் முக்கியம். பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 14-வது வாரம் வரை பார்க்கும் மனிதர், சத்தம், வண்டி, குழந்தை ஆகியவற்றைத்தான் நாய் "ஆபத்தில்லை" என்று மனதில் பதித்துக்கொள்ளும். அந்த நாட்களில் மொட்டை மாடிக் கூண்டிலேயே கிடந்த குட்டி, வளர்ந்தபிறகு எல்லாவற்றுக்கும் பயப்படும். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும். 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. ஆக, வீட்டுக்கு வந்தபிறகு உங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

சென்னை வெயிலில் எப்போ ஓட விடுறது?

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைக் குறைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். உங்கள் புறங்கையைத் தரையில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் தாங்காது. எனவே விடியற்காலை ஐந்து மணி அல்லது இரவு, இரண்டே வாய்ப்பு.

ஹஸ்கிக்கு இது இன்னும் கொடுமை. இரண்டு அடுக்கு ரோமம் போர்த்திய நாய், ஏசி அறையிலேயே கிடந்தால் உடற்பயிற்சி இல்லை, வெளியே போனால் வெப்பத் தாக்கு. தமிழ்நாடு அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மாலமியூட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சொன்னதற்கு இந்தத் தட்பவெப்பமும் காரணம்.

வாய்மூடி வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி போட்டால் நாயால் மூச்சிரைக்க முடியாது, வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருக்கும் வாய்மூடியில் வாயைத் திறக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். அதையும் திடீரென மாட்டாமல், உள்ளே தின்பண்டம் வைத்துப் பல நாள் பழக்க வேண்டும்.

கயிறு யார் கையில்?

ஆசைப்பட்டு வாங்குவது காலேஜ் போகும் பையன். வாக்கிங் கூட்டிப் போவது தாத்தா, அல்லது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. 60 வயதுக்காரரை ஒரு தெருநாயைப் பார்த்துப் பாய்ந்த ராட்வெய்லர் இழுத்தால், கயிறு இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த ஒரு நொடியில் நாயை நிறுத்துவது கைவலு அல்ல, குட்டியாக இருக்கும்போதே சொல்லிக் கொடுத்த பழக்கம். யார் கூட்டிப் போகப் போகிறார்களோ, பயிற்சியில் அவர்தான் கூட இருக்க வேண்டும். பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் விட்டுவிட்டு வந்தால், நாய் பயிற்சியாளர் பேச்சை மட்டும் கேட்கும்.

செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 40 கிலோ நாய்க்கு நாளைக்கு 400-500 கிராம் உலர் தீவனம் என்றால் மாதம் 12 முதல் 15 கிலோ. மருந்தின் அளவும், மயக்க ஊசியின் அளவும் எடையைப் பொறுத்தே ஏறும்.

அப்போ நாட்டு நாய் வளர்த்தால் பிரச்னை தீருமா?

வெயிலைப் பொறுத்தவரை ஆமாம். வேகத்தைப் பொறுத்தவரை இல்லை. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு, கோம்பை காட்டுப்பன்றி வேட்டைக்கு, ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும். மூன்றுமே திறந்தவெளி நாய்கள். பால்கனியில் கட்டிப்போட்ட சிப்பிப்பாறையின் நிலை ஹஸ்கியின் நிலையைவிடப் பெரிதாக மாறிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாயால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-ன்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பலருக்கும் தெரியும்.

தெரியாத ஒன்று இருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11: வழக்கமாகக் கட்டிப் போட்டோ, அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதே வதைதான். இனம் எதுவானாலும் பொருந்தும். 23 இனம், 2 இனம் என்று பட்டியல் போடுவதற்குப் பல வருஷம் முன்பே, நாம் கேட்க மறந்த கேள்வியைச் சட்டம் கேட்டுவிட்டது. அதே பிரிவின்படி, பசியில் வாடும் நிலையில் நாயைக் கைவிடுவதும் குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை.

ராட்வெய்லர் வைத்திருந்தால் 1 லட்சம், அதையே கட்டிப்போட்டு வெறியேற்றினாலோ ரோட்டில் இறக்கிவிட்டாலோ 50 ரூபாய் என்றால், எது சுலபம் என்று ஒரு சிலர் கணக்குப் போடுவார்கள்.

புதிய தடையில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வளர்க்க முடியாமல் திணறும் ஒருவர், நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் இன்னொருவரிடம் தன் ராட்வெய்லரைக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய லைசென்ஸே கிடையாது என்றால், வாங்குபவர் சென்னைக்குள் அதை எந்தப் பெயரில் பதிவு செய்வார்? அந்த வழியை மாநகராட்சி தெளிவாகத் திறந்து வைக்காவிட்டால், இரவோடு இரவாகப் புறநகர் சாலையில் இறக்கிவிடப்படும் நாய்களின் எண்ணிக்கை கூடும். சங்கிலியிலேயே வளர்ந்த, தெருவில் இரை தேடவோ தெருநாய்க் கூட்டத்தில் சேரவோ தெரியாத 45 கிலோ நாய் அது. பசியோடும் பயத்தோடும் அது போய் நிற்பது ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலாகவும் இருக்கலாம்.