முற்றத்தில் கொஞ்சம் மண்

சகோதரிகளே! நகரத்துத் தொடர்மாடிகளில் முற்றம் முழுவதும் சீமெந்து போட்டுவிடுகிறார்கள். சூடும் ஏறுகிறது, மழைநீரும் தேங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஜெப்ரி பாவா அமைத்த ஈனா டி சில்வா வீட்டில், நடுவிலிருந்த திறந்த முற்றமே காற்றும் வெளிச்சமும் தந்தது. நீங்களும் கொஞ்சம் மண்ணை விட்டு, கறிவேப்பிலை, ரம்பை, வல்லாரை நடுங்கள்.

பெரகல போன்ற மலைச்சரிவில் வீடுள்ளோருக்கு முறை வேறு. அங்கே தண்ணீரை மண்ணில் தேங்க விடாதீர்கள். கான் வெட்டி, அயலாரின் சரிவில் விழாமல் ஓடைக்குக் கொண்டுபோங்கள். 2014 ஒக்டோபர் 29இல், பெருமழைக்குப் பின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்ததை மறக்கலாமா?

நட்ட மரத்தில் பறவை உண்டாலும் அது ஸதகா என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அயலாரைக் காப்பதும் நம் கடமையே. இந்த மாதமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.