கட்டுகிறவர் யாரென்று கேளுங்கள்



சிப்காட் வந்த பிறகு ஓசூரில் கடைகளும் கிடங்குகளும் பெருகின. அவற்றுக்கு வரைபடம் போட்டவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. மேஸ்திரியை மட்டும் நம்பிக் கட்டிய என் கிடங்கில் தரை இறங்கியது. அடிவரிசைத் துவரம்பருப்பு மூட்டைகள் ஈரத்தில் வீணாயின.

பொறியாளர்களுக்குச் சங்கம் புதிதல்ல. இந்தியப் பொறியாளர் கழகம் 1920-ல் நமது சென்னையில்தான் பதிவாயிற்று. 1921-ல் கல்கத்தாவில் தொடக்க விழா நடந்தது. 1935-ல் அரச சாசனம் கிடைத்தது. கட்டிடக் கலைஞர்களுக்கு 1972-ல் தனிச் சட்டமே வந்தது. கவுன்சிலில் பதியாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்டக் கூடாது. பொறியாளர்களுக்கு நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் இன்னும் இல்லை. ஆகவே பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளில் பதிவு பெற்ற பொறியாளர், கட்டிடக் கலைஞர் என்ற ஏற்பாடு உண்டு. பெங்களூரிலிருந்து ஆள் வந்து கட்டினாலும் இங்கே செல்லுபடியாவது நம் மாநில விதிதான். பதிவு எண்ணைக் கேளுங்கள். வரைபடத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

கலப்படச் சரக்கு விற்றவரை நம் சங்கம் கூப்பிட்டுக் கேட்பதில்லையா? அந்தப் பொறுப்பு பொறியாளர் சங்கங்களுக்கும் உண்டு. அவர்களை நம் மாதக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசுவோம். வரைபடக் கூலியை மிச்சம் பிடித்துச் சரக்கை இழப்பது வியாபாரம் ஆகாது.