மலையேறாத மருந்து

அதிகாலை மூன்று மணி. தானா ராத்தாவில் நல்ல குளிர். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்த என் அத்தை, கம்பளியோடு காரில் ஏறும்போதே கேட்டார்: "ஏன்யா, ஊசிதானே? இங்க நம்ம ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டா ஆகாதா?"

புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அவருக்கு பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி. "எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், மருந்து காத்திருக்காது" என்று சொல்லியிருந்தார்கள். தாப்பா வளைவுகளில் இறங்கிக்கொண்டே அத்தைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த மருந்து ஒரு வகைச் சீனி. புற்றுக் கட்டிகள் பெரும்பாலும் சீனியை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுக்க, புளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை அதில் ஒட்டிவிடுகிறார்கள். இந்த அணு சுரங்கத்தில் கிடைக்காது. சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில்தான் செய்தாக வேண்டும்.

ஓடுகிற அயனியைக் காந்தம் முன்னே தள்ளாது. பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே இருக்கும். காந்தப்புலம் எங்கும் சீராக இருந்தால் பாதை வட்டமாகிவிடும். வேகம் கூடினால் வட்டமும் பெரிதாகும். அதிசயம் இனிமேல்தான். கோவிலில் ஒருவர் உள் பிரகாரத்தில் மெதுவாக நடக்கிறார், இன்னொருவர் வெளிப் பிரகாரத்தில் ஓடுகிறார், இருவரும் ஒரே நேரத்தில் கொடிமரத்துக்கு வந்து சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயனிகள் அப்படித்தான். சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே.

இதைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் எர்னஸ்ட் லாரன்ஸ். வட்டத்தின் நடுவே ஓர் இடைவெளி. அயனி அதைக் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் ஓர் உந்து கொடுக்கும். சுற்றும் நேரம் மாறாததால், உந்துகிற தாளத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 1931இல் அவரும் மாணவர் லிவிங்ஸ்டனும் ஓட்டிய சாதனத்தின் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர். 2,000 வோல்ட்டுக்கும் குறைவான உந்துகளிலேயே அயனிகள் 80,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டின. 1939இல் லாரன்ஸுக்கு நோபல் பரிசு.

வானொலிக்காரனான எனக்கு இதில் ஒரு தனிக் குஷி. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஒரு புரோட்டான் நொடிக்குச் சுமார் 2.3 கோடி முறை சுற்றும், அதாவது 23 மெகாஹெர்ட்ஸ். அதுவும் வானொலி அலைவரிசைதான்! நம் பண்பலை 88இல் தொடங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பல மருத்துவ சைக்ளோட்ரான்களில் சுற்றுவது, ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகச் சுமக்கும் ஹைட்ரஜன் அயனி. கடைசிச் சுற்றில் ஒரு மெல்லிய கரித்தகடு அதன் இரண்டு எலெக்ட்ரான்களையும் உரித்துவிடும். எதிர்மின்னாக இருந்தது நேர்மின்னாகிவிட, அதே காந்தம் இப்போது மறுபக்கம் வளைத்து வெளியே அனுப்புகிறது. வெளியே வந்த புரோட்டான் ஆக்சிஜன்-18 நிறைந்த தண்ணீரில் மோதினால் புளூரின்-18 பிறக்கும்.

பிறந்த கணத்திலிருந்தே அது கரைய ஆரம்பிக்கும். சுமார் 110 நிமிடத்தில் பாதி போய்விடும்; இன்னொரு 110 நிமிடத்தில் மீதியில் பாதி. தானா ராத்தாவுக்குக் கொண்டுவர நான்கு மணி நேரம் என்றால், வந்து சேர்வது நாலில் ஒரு பங்குகூட இருக்காது. வழியில் ஒரு லோரி கவிழ்ந்து சாலை அடைபட்டால் அதுவும் இல்லை.

"அப்போ நாமதான் இறங்கிப் போகணும்" என்றார் அத்தை. பீடோர் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

ஒன்பது மணிக்கு ஊசி. ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை, பிறகு ஸ்கேன். முடிவு அடுத்த வாரம். சில மணி நேரம் சின்னப் பிள்ளைகளை அண்ட விடவேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பினார். ஸ்கேன் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அத்தை, ரிங்லெட் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மணி ஆறாச்சு. பேத்தியைத் தூக்கலாமாய்யா?"

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது மணி நேரம், ஏறக்குறைய ஐந்து முறை பாதியாகியிருக்கும். முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம்.

"தூக்கலாம் அத்தை."